பழைய டிவி இன்னும் ஓடுது: தட்டைத் திரைக்கு மாறத்தான் வேண்டுமா?

"நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?" என்பார் தாத்தா.

"இந்தக் காலத்துல யாரு இந்தப் பெட்டிய வெச்சிருக்கா?" என்பான் பேரன்.

ஈசூன் ரிங் ரோட்டிலும் சோங் பாங்கிலும் உள்ள பழைய வீவக வீடுகளில் இந்த வாக்குவாதம் புதிதில்லை. தீபாவளிக்கு முன்பு ஒருமுறை வரும். உலகக் கிண்ணக் காற்பந்து நெருங்கும்போது இன்னொரு முறை வரும்.

இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் இருவருமே டிவியின் வயதைத்தான் பேசுகிறார்கள். கேட்கவேண்டிய கேள்வி வேறு. அந்த டிவியை நாள்தோறும் பார்ப்பவர் யார்? அவர் பார்க்க விரும்புவது அதில் சரியாகத் தெரிகிறதா?

பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருக்கும் மூத்தோருக்கு டிவிதான் பேச்சுத்துணை. மாற்றுவதும் மாற்றாமல் விடுவதும் முதலில் அவரைத்தான் பாதிக்கும். ஆனால் வீட்டில் முடிவெடுப்பவர் பெரும்பாலும் அவரில்லை. "எது வாங்கலாம்?" என்ற கேள்வி உங்களைப் போன்ற இளையர்களிடம்தான் வரும். அதற்குப் பதில் சொல்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

உங்கள் வீட்டில் இருப்பது எந்தப் பழைய டிவி?

'பழைய டிவி' என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று வகை உண்டு.

முதலாவது, குழாய் டிவி. பின்பக்கம் புடைத்துக்கொண்டிருக்கும் கனமான பெட்டி. உள்ளே காற்று நீக்கப்பட்ட பெரிய கண்ணாடிக் குழாய் இருக்கும். குழாயின் பின்முனையிலிருந்து பாய்ந்து வரும் எலக்ட்ரான்கள் முன்கண்ணாடியின் உட்பூச்சில் மோதும்போது அந்த இடம் ஒளிரும். அப்படி ஒளிரும் புள்ளியை வரிவரியாக மேலிருந்து கீழே ஓட்டினால் படம் கிடைக்கிறது. சிங்கப்பூர் பயன்படுத்திய 'பால்' முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள். விநாடிக்கு 25 படங்கள்.

இரண்டாவது, பிளாஸ்மா. பார்க்கத் தட்டையாக இருக்கும். ஆனால் கனமும் சூடும் அதிகம். பானசோனிக் 2013ஆம் ஆண்டின் இறுதியில் பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்தியது. சாம்சுங், எல்ஜி இரண்டும் அடுத்த ஆண்டு பிளாஸ்மாவைக் கைவிட்டன. ஆக, வீட்டில் இருக்கும் பிளாஸ்மா எதுவாக இருந்தாலும் அதற்கு வயது பத்துக்கு மேல்.

மூன்றாவது, தொடக்ககால எல்சிடி. இதுவும் தட்டைத் திரைதான். ஆனால் 2013ஆம் ஆண்டுக்கு முன்பு வாங்கியதாக இருந்தால், இன்றைய சிங்கப்பூர் ஒளிபரப்பை நேரடியாகப் பிடிக்கும் பாகம் அதற்குள் இருக்க வாய்ப்புக் குறைவு.

இங்கேதான் பலருக்கும் குழப்பம். தட்டையாக இருந்தால் அது புதிய டிவி என்று நினைத்துவிடுகிறோம். திரையின் வடிவம் வேறு, ஒளிபரப்பைப் பிடிக்கும் திறன் வேறு.

2019இல் அப்படி என்ன மாறியது?

சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 பிப்ரவரி 15இல். அப்போது கறுப்பு வெள்ளை. 1974இல் வண்ணம் வந்தது. அந்த ஆண்டு ஜூலை 7ஆம் தேதி மேற்கு ஜெர்மனியும் நெதர்லந்தும் மோதிய உலகக் கிண்ண இறுதியாட்டம் இங்கே வண்ணத்தில் நேரடியாக ஒளிபரப்பானது.

வண்ணம் வந்ததால் கறுப்பு வெள்ளை டிவி வைத்திருந்தவர்களுக்கு எதுவும் நின்றுபோகவில்லை. வண்ண ஒளிபரப்பையும் அந்தப் பெட்டி கறுப்பு வெள்ளையில் காட்டியது. புதியது வாங்குவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம்.

அடுத்த மாற்றம் அப்படியில்லை.

2013 டிசம்பரில் மீடியாகார்ப்பின் 7 இலவச ஒளிவழிகளும் மின்னிலக்க முறையிலும் ஒளிபரப்பாகத் தொடங்கின. ஐந்து ஆண்டுகளுக்குப் பழைய முறையும் புதிய முறையும் சேர்ந்தே ஓடின. பழைய முறையை 2017ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்துவதாக இருந்தது. மக்களுக்குக் கூடுதல் அவகாசம் தர அது ஓராண்டு தள்ளிப்போடப்பட்டது. 2019 பிறந்தபோது பழைய முறை ஒளிபரப்பு முடிவுக்கு வந்தது.

பழைய குழாய் டிவிக்குப் புதிய ஒளிபரப்பு புரியாது. அதைப் பொறுத்தவரை காற்றில் எதுவுமே இல்லை. அன்டெனாவை எப்படித் திருப்பினாலும் திரையில் புள்ளி மழைதான்.

ஏன் நிறுத்தினார்கள்? மின்னிலக்க முறையில் அதே அலைவரிசைக்குள் கூடுதல் ஒளிவழிகளை, கூடுதல் தெளிவுடன் அனுப்பலாம். மிச்சமாகும் அலைவரிசையைக் கைத்தொலைபேசிச் சேவைகளுக்குக் கொடுக்கலாம். 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அப்படித்தான் விடுவிக்கப்பட்டது.

உலகம் முழுவதும் இதே கதைதான். நெதர்லந்து 2006இல் மாறியது. அமெரிக்கா 2009 ஜூன் 12இல் மாறியது. அங்கே பெட்டி வாங்க வீட்டுக்குத் தலா 40 டாலர் மதிப்புள்ள இரண்டு கூப்பன்கள் வரை கிடைத்தன. பிரிட்டன் 2012இல் மாறியபோது 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் உள்ளிட்டோருக்கு ஓர் உதவித் திட்டம் இருந்தது. மலேசியா 2019 அக்டோபர் 31இல் முழுமையாக மாறியது.

சிங்கப்பூரிலும் உதவி இருந்தது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 2014 முதல் பெட்டியும் அன்டெனாவும் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. 2018இல், கட்டணத் தொலைக்காட்சிச் சந்தா இல்லாத, தகுதிபெற்ற வீவக குடும்பங்களுக்கு 100 வெள்ளி உதவி கிடைத்தது. அதைப் பெட்டிக்கும் பயன்படுத்தலாம், புதிய டிவிக்கும் பயன்படுத்தலாம்.

அந்த உதவியிலேயே ஒரு செய்தி இருக்கிறது. பழைய டிவியைத் தூக்கிப் போடு என்று யாரும் சொல்லவில்லை. ஒரு சின்னப் பெட்டியைச் சேர்த்தால் போதும் என்றுதான் சொன்னார்கள். அது இன்றும் பொருந்தும்.

பெட்டி வாங்கினால் பழைய டிவி ஓடுமா?

ஓடும். ஆனால் கடைக்குப் போவதற்கு முன்பு இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, பெட்டி 'டிவிபி-டி2' தரத்தில் இருக்கவேண்டும். சிங்கப்பூர் ஒளிபரப்பு அந்தத் தரத்தில்தான் வருகிறது. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் மலிவாக வரவழைக்கும் பெட்டிகளில் பழைய 'டிவிபி-டி' மட்டும் இருக்கக்கூடும். அது இங்கே வேலைக்கு ஆகாது.

இரண்டு, டிவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வட்டத் துளைகள் இருந்தால் 'ஏவி' இணைப்பு உண்டு. பெட்டியிலும் அதே இணைப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சில பெட்டிகளில் 'எச்டிஎம்ஐ' மட்டும்தான் இருக்கும். அதைக் குழாய் டிவியில் நேரடியாகச் செருக முடியாது.

இலவச ஒளிவழிகளுக்கு மாதக் கட்டணம் கிடையாது. முன்பு வீட்டுக்கு ஆண்டுக்கு 110 வெள்ளி தொலைக்காட்சி உரிமக் கட்டணம் இருந்தது. அதுவும் 2011இல் ரத்தானது. இணையமும் தேவையில்லை. வீட்டில் இணையம் இல்லாத மூத்தோருக்கு இது முக்கியம்.

ஈசூனில் அன்டெனா எங்கே வைப்பது?

"சுவத்துல இருக்கிற துளையில வயரைச் செருகினா வராதா?" என்று கேட்பவர்கள் நிறைய பேர்.

பல வீவக வீடுகளில் வரவேற்பறைச் சுவரில் ஒரு பழைய கேபிள் துளை இருக்கும். ஸ்டார்ஹப் தன் கேபிள் சேவையை 2019 செப்டம்பர் 30இல் நிறுத்திவிட்டு ஒளியிழைக் கம்பிக்கு மாறியது. ஆகவே அந்தத் துளையில் செருகிவிட்டு, படம் வரவில்லையே என்று டிவியைக் குறைசொல்லிப் பயனில்லை.

வீட்டுக்குள் வைக்கும் சிறிய அன்டெனா போதும். சன்னல் ஓரம் வைப்பது நல்லது. ஒளிபரப்புக் கோபுரம் புக்கிட் பாத்தோக்கில் இருக்கிறது. ஈசூனிலிருந்து பார்த்தால் அது தென்மேற்குத் திசை. அந்தப் பக்கம் பார்த்த சன்னல் இருந்தால் முதலில் அங்கே வைத்துப் பாருங்கள். எதிர்ப்பக்கம் பார்த்த வீடாக இருந்தால் வேறு சன்னல்களில் மாற்றி மாற்றி வைத்துத் தேடவேண்டியிருக்கும். ஒவ்வொரு முறை இடம் மாற்றியதும் ஒளிவழிகளை மீண்டும் தேடச் சொல்லுங்கள்.

படம் கட்டம் கட்டமாக உடைந்தாலோ உறைந்து நின்றாலோ, டிவி கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். மின்னிலக்க ஒளிபரப்பில் சமிக்ஞை குறையும்போது வரும் அடையாளம் அது. பழைய முறையில் படம் மங்கலாகும், ஆனாலும் தெரியும். புதிய முறையில் ஒன்று நன்றாகத் தெரியும், இல்லாவிட்டால் உடையும். 30 வெள்ளி அன்டெனாவில் தீரவேண்டிய பிரச்சினைக்காகச் சிலர் புது டிவியே வாங்கிவிடுகிறார்கள்.

மின்கட்டணம் குறையுமா?

கடைகளில் அதிகம் கேட்கும் வாதம் இது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். எளிமைக்காக மின்சாரம் ஒரு கிலோவாட் மணிக்கு 30 காசு என்றும், டிவி நாளுக்கு 5 மணி நேரம் ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

120 வாட் எடுக்கும் குழாய் டிவி ஆண்டுக்கு 219 கிலோவாட் மணி பயன்படுத்தும். செலவு கிட்டத்தட்ட 66 வெள்ளி.

70 வாட் எடுக்கும் 43 அங்குல எல்இடி டிவி ஆண்டுக்கு ஏறக்குறைய 128 கிலோவாட் மணி பயன்படுத்தும். செலவு சுமார் 38 வெள்ளி.

மிச்சம் ஆண்டுக்கு 28 வெள்ளி. புதிய டிவியின் விலை 500 வெள்ளி என்றால், அந்தப் பணத்தை மின்கட்டணத்திலிருந்து மீட்க கிட்டத்தட்ட 18 ஆண்டு ஆகும். அதற்குள் அந்த டிவியே பழசாகிவிடும்!

55 அங்குலம் வாங்கினால்? அது 120 வாட் எடுத்தால் மிச்சம் பூஜ்யம். திரை பெரிதானதில் சேமிப்பு கரைந்துவிடும்.

பிளாஸ்மாவின் கணக்கு வேறு. 250 வாட் எடுக்கும் பிளாஸ்மாவுக்கு இதே கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 137 வெள்ளி ஆகும். அதை 120 வாட் டிவியாக மாற்றினால் ஆண்டுக்கு 71 வெள்ளி மிச்சம். பாட்டி காலையிலிருந்து இரவு வரை டிவியை ஓடவிடுபவர் என்றால் இன்னும் கூடுதல்.

உங்கள் டிவி எத்தனை வாட் என்பதை எங்கே பார்ப்பது? பின்பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். அதில் போட்டிருப்பது பெரும்பாலும் உச்ச அளவு. உண்மையான பயன்பாடு அதைவிடக் குறைவாக இருக்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால், குழாய் டிவியை மாற்ற மின்கட்டணம் ஒரு நல்ல காரணமில்லை. பிளாஸ்மாவுக்கு அது ஓரளவு நல்ல காரணம்.

கண்ணுக்கு எது நல்லது?

மாற்றுவதற்கு உண்மையிலேயே வலுவான காரணம் இங்கேதான் இருக்கிறது. விற்பனையாளர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

பழைய குழாய் டிவியின் திரை 4:3 என்ற விகிதத்தில் இருக்கும். இன்றைய நிகழ்ச்சிகள் 16:9 விகிதத்தில் தயாராகின்றன. அதனால் பழைய திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும்; படம் சிறுத்துவிடும். பட்டை வேண்டாம் என்று பெட்டியில் மாற்றினால் இரண்டு ஓரங்களும் வெட்டுப்படும்.

அடுத்தது எழுத்து. செய்தி நேரத்தில் திரையின் அடியில் ஓடும் தமிழ் வரியை நினைத்துப் பாருங்கள். தமிழில் ஒரு புள்ளி இருந்தால் மெய், இல்லாவிட்டால் உயிர்மெய். 'ரி'க்கும் 'ரீ'க்கும் வேறுபாடு ஒரு சின்னச் சுழிதான். பழைய டிவியின் 576 காட்சி வரிகளில், அதிலும் சுருங்கிய படத்தில், அந்தப் புள்ளியும் சுழியும் கரைந்துவிடும். கண்புரை உள்ளவருக்கு நிலைமை இன்னும் மோசம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தாத்தா வழக்கமாக உட்காரும் நாற்காலியில் அவரையே உட்காரச் சொல்லுங்கள். ஓடும் வரியை வாசிக்கச் சொல்லுங்கள். தடையில்லாமல் வாசித்தால் டிவி போதும். "என்னமோ எழுதியிருக்கான்" என்றால் டிவியை மாற்றுவது பற்றி யோசிக்கலாம். அதற்கு முன்பு கண் பரிசோதனைக்கும் அழைத்துப் போங்கள். எல்லாப் பழியையும் டிவி மீதே போடமுடியாது.

ஒலியையும் கவனியுங்கள். குழாய் டிவிகளில் ஒலிபெருக்கி முன்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கும். மெல்லிய தட்டைத் திரைகளில் அது பெரும்பாலும் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்திருக்கும். படம் தெளிவாக இருந்தும் பேச்சு கேட்கவில்லை என்ற குறை அதனால்தான். காது மந்தமானவருக்காக வாங்கும்போது கடையில் ஒலியையும் கேட்டுப் பாருங்கள். தேவைப்பட்டால் தனி ஒலிபெருக்கிக்கும் பட்ஜெட்டில் இடம் ஒதுக்குங்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை?

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் யோசிக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்தி, டிவியை ஓய்வெடுக்க விடுங்கள்:

• கருகும் வாசனை வருவது

• 'பட்' 'பட்' என்ற வெடிச்சத்தம் கேட்பது

• மின்கம்பி இளகியிருப்பது அல்லது உடைந்திருப்பது

• படம் திடீரென்று சுருங்கி ஒற்றைக் கோடாவது

பின்மூடியை மட்டும் கழற்றாதீர்கள். குழாய் டிவிக்குள் 20,000 வோல்ட்டுக்கும் மேல் உருவாகும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அது சிறிது நேரம் உள்ளே தங்கியிருக்கக்கூடும். யூடியூப் பார்த்துவிட்டு ஸ்குரூடிரைவரை எடுக்கும் வேலை இதுவல்ல.

கனமும் ஓர் ஆபத்து. 29 அங்குலக் குழாய் டிவி 40 கிலோவைத் தாண்டலாம். எடையில் பெரும்பகுதி முன்கண்ணாடிப் பக்கம் இருக்கும். ஆட்டம் காணும் மேசையில் வைத்திருந்தால் குழந்தைகள் பிடித்து ஏறும்போது முன்னால் சாயும். தட்டைத் திரையும் சாயும். அதற்குப் பட்டை போட்டுச் சுவருடன் கட்டலாம்.

சுவரில் மாட்டுவதாக இருந்தால் அது எந்தச் சுவர் என்று பாருங்கள். புதிய வீவக வீடுகளில் வீட்டுப் பதுங்கறை உண்டு. அதன் சுவரில் துளையிடுவதற்குச் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் விதிமுறைகள் இருக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

புதியதை வாங்குவதானால் எந்த அளவு?

பழைய டிவியின் அங்குலத்தையும் புதிய டிவியின் அங்குலத்தையும் அப்படியே ஒப்பிடமுடியாது. 29 அங்குலக் குழாய் டிவியில் படத்தின் உயரம் சுமார் 41 சென்டிமீட்டர். 32 அங்குலத் தட்டைத் திரையிலும் ஏறக்குறைய அதே உயரம்தான். அகலம் மட்டும்தான் கூடும். ஆக, 29ஐ எடுத்துவிட்டு 32 வைத்தால் "என்ன, முன்ன மாதிரியேதானே இருக்கு?" என்பார் தாத்தா. அவர் சொல்வது சரி.

43 அங்குலத்தில் உயரம் 53 சென்டிமீட்டரைத் தாண்டும். அப்போதுதான் எழுத்து பெரிதாகத் தெரியும்.

எவ்வளவு தூரத்தில் உட்காரலாம் என்பதற்குப் பொதுவான ஒரு கணக்கு உண்டு. திரையின் மூலைவிட்ட அளவை 1.6ஆல் பெருக்குங்கள். 43 அங்குலத்துக்கு ஏறக்குறைய 1.75 மீட்டர். 55 அங்குலத்துக்கு 2.2 மீட்டர். கடைக்குப் போகும் முன் நாற்காலிக்கும் டிவி மேசைக்கும் உள்ள தூரத்தை அளந்துகொண்டு போங்கள்.

கடையில் இவற்றைக் கேளுங்கள்:

• டிவிக்குள்ளேயே 'டிவிபி-டி2' இருக்கிறதா? இருந்தால் தனிப் பெட்டி தேவையில்லை.

• மின்சக்திச் சிட்டையில் ஆண்டுக்கு எத்தனை கிலோவாட் மணி என்று போட்டிருக்கிறது? சிங்கப்பூரில் விற்கும் டிவிகளுக்கு 2014 முதல் இந்தச் சிட்டை கட்டாயம். 'டிக்' எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே 'டிக்' பெற்ற இரண்டு டிவிகளில் பெரியது கூடுதல் மின்சாரம் எடுக்கலாம்.

• காட்டும் விலையில் பொருள் சேவை வரி சேர்ந்திருக்கிறதா?

• வீட்டுக்குக் கொண்டுவரும்போது பழையதை எடுத்துக்கொள்வார்களா?

சையது ஆல்வி ரோட்டில் இருக்கும் முஸ்தஃபா ஆகட்டும், நார்த்பாயிண்ட் ஆகட்டும், பிளாக்கின் கீழ்த்தளக் கடை ஆகட்டும், கேள்விகள் இவைதான்.

வீவக குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுத்த பருவநிலைப் பற்றுச்சீட்டுகளை டிவிக்குப் பயன்படுத்தமுடியாது. குளிர்பதனப் பெட்டி, எல்இடி விளக்கு போன்றவைதான் அந்தப் பட்டியலில் உள்ளன.

வாங்கிய பொருளில் குறை இருந்தால்? 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள 'எலுமிச்சைச் சட்டம்' உங்கள் பக்கம். பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது தொடக்கத்திலேயே இருந்ததாகத்தான் பொதுவாகக் கருதப்படும். இல்லையென்று நிரூபிக்கவேண்டியது விற்பனையாளர். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பெரிய சிக்கல் ரிமோட்தான்!

பழைய டிவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் படம் வரும். இன்னொன்றை அழுத்தினால் ஒளிவழி மாறும். அவ்வளவுதான்.

ஸ்மார்ட் டிவியில் முதலில் வருவது ஒரு முகப்புப் பக்கம். செயலிகள், விளம்பரங்கள், 'புதுப்பிக்கவா?' என்று கேட்கும் கட்டம். பெரும்பாலும் ஆங்கிலத்தில். தெரியாமல் ஒரு பொத்தானை அழுத்திவிட்டால் வசந்தம் காணாமல் போய்விடும். திரும்ப வரவழைக்கத் தெரியாது. மகன் வேலையிலிருந்து வரும்வரை டிவி அணைந்தே கிடக்கும். அவர் தனியாக இருக்கும் நேரமும் அதுதான்.

900 வெள்ளி கொடுத்து வாங்கியும் பாட்டிக்கு டிவி இல்லாமல் போவது இப்படித்தான்.

வாங்கிய அன்றே அரை மணி நேரம் ஒதுக்கி இவற்றைச் செய்துகொடுங்கள்:

• டிவியைப் போட்டதும் கடைசியாகப் பார்த்த ஒளிவழியே வரும்படி அமைப்பை மாற்றுங்கள். பல டிவிகளில் இந்த வசதி உண்டு.

• பட்டியல் மொழியாகத் தமிழ் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

• ஒளிவழிப் பட்டியலில் அவர் பார்ப்பவற்றை முதலில் கொண்டுவாருங்கள்.

• எழுத்து அளவைப் பெரிதாக்குங்கள்.

• பார்ப்பதைக் கண்காணித்து விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் அமைப்பை முடக்குங்கள். அனுமதியில்லாமல் அப்படிச் செய்த புகாருக்காக 'விசியோ' நிறுவனம் 2017இல் அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

• தேவையில்லாத பொத்தான்கள் மீது ஒட்டுத்தாள் ஒட்டுங்கள். வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் வேலை செய்யும்.

மீவாட்ச் செயலியில் வசந்தத்தைப் பார்க்கலாம். விட்டுப்போன பாகங்களையும் பார்க்கலாம். அதற்கு இணையம் வேண்டும். ஆகவே ஸ்மார்ட் டிவி வாங்கினாலும் அன்டெனாவையும் இணைத்து வையுங்கள். வைஃபை நின்றுபோன நாளிலும் இரவுச் செய்தி வரும்.

செயலிகளுக்காக மட்டும் டிவியை மாற்ற நினைப்பவர்களுக்கு ஒன்று. உங்கள் டிவியில் 'எச்டிஎம்ஐ' துளை இருந்தால், அதில் செருகும் சின்னக் கருவி ஒன்றே அந்த வேலையைச் செய்துவிடும். ஸ்மார்ட் டிவிக்குள் இருக்கும் செயலிகளும் சில ஆண்டுகளில் புதுப்பிப்பு நின்று பழசாகும். அப்போதும் திரை நன்றாகத்தான் இருக்கும்.

பழையதை எங்கே போடுவது?

பிளாக்கின் கீழே, குப்பைத்தொட்டி பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடக்கூடாது.

குழாய் டிவியின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கும். கதிர்வீச்சு வெளியே வராமல் தடுக்கச் சேர்த்தது அது. ஒரு டிவியில் அது ஒன்றிரண்டு கிலோ இருக்கலாம். உடைந்தால் ஆபத்து. எரித்தால் சாம்பலில் ஈயம் சேரும். சிங்கப்பூரின் குப்பை எரிக்கப்பட்டு, சாம்பல் செமக்காவ் தீவில் புதைக்கப்படுகிறது. நமக்கு இருப்பது அந்த ஒரே நிரப்புநிலம்தான்.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 60,000 டன் மின்கழிவு சேர்வதாகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்கிறது. அதைக் கையாள 2021 ஜூலை 1 முதல் புதிய ஏற்பாடு நடப்பில் உள்ளது. டிவியும் அதில் அடங்கும்.

அதன்படி, புதிய டிவியை வீட்டுக்குக் கொண்டுவரும் கடை, பழைய டிவி ஒன்றை இலவசமாக எடுத்துச் செல்லவேண்டும். ஒன்றுக்கு ஒன்று. வாங்கும்போதே சொல்லி ரசீதில் எழுதிக்கொள்ளுங்கள்.

புதியது வாங்கவில்லை, பழையதை மட்டும் அகற்றவேண்டுமா? நகர மன்றத்தை அழைத்து, பெரிய பொருள்களை அகற்றும் சேவையைக் கேளுங்கள். வட்டாரங்களில் அவ்வப்போது நடக்கும் மின்கழிவுச் சேகரிப்பு நடவடிக்கைகளுக்கும் கொண்டுபோகலாம். கடைத்தொகுதிகளில் இருக்கும் சிறிய மின்கழிவுத் தொட்டிகள் மின்கலன், கைத்தொலைபேசி போன்ற சிறு பொருள்களுக்குத்தான்.

"காராங் குனிக்காரரிடம் கொடுக்கலாமே?" ஓடும் நிலையில் உள்ள தட்டைத் திரை என்றால் சிலர் எடுத்துக்கொள்வார்கள். குழாய் டிவிக்கு முன்புபோல் கேட்பவர்கள் இல்லை. பழைய மின்பொருள்கள் கைமாறிய சுங்கை ரோடு சந்தையும் 2017 ஜூலை 10இல் மூடப்பட்டுவிட்டது.

அப்படியானால் என்ன முடிவெடுப்பது?

இப்படியென்றால் வைத்திருங்கள்: படம் நன்றாகத் தெரிகிறது. பெட்டியும் அன்டெனாவும் வேலை செய்கின்றன. பார்ப்பவர் எழுத்தை வாசிக்கிறார், பேச்சைக் கேட்கிறார், ரிமோட்டை அவரே இயக்குகிறார். அந்த டிவிக்கு எந்தக் குறையும் இல்லை.

இப்படியென்றால் சின்னச் செலவோடு நிறுத்துங்கள்: ஒளிவழி வரவில்லை, படம் உடைகிறது, செயலிகள் இல்லை. பெட்டியோ அன்டெனாவோ செருகும் கருவியோ போதும்.

இப்படியென்றால் மாற்றுங்கள்: கருகல் வாசனை வருகிறது. எழுத்து வாசிக்க முடியவில்லை. பிளாஸ்மா நாள் முழுவதும் ஓடுகிறது. பழுதுபார்க்கக் கேட்கும் தொகை புதியதன் விலையில் பாதியைத் தாண்டுகிறது.

மாற்றுவதென்று முடிவானால், நாள்தோறும் பார்ப்பவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். ரிமோட்டை அவர் கையில் கொடுத்து, ஒளிவழியை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அவரால் முடிந்தால் பணத்தைக் கட்டுங்கள். முடியாவிட்டால் அடுத்த டிவியைக் காட்டச் சொல்லுங்கள்.